சென்னியின் சோப்பு டப்பா

சென்னி இறந்த மறுநாள் சிங்காநல்லூரில் இரண்டு கண்ணீர் அஞ்சலி பேனர்கள் முளைத்தன. சாலையின் இந்தப் பக்கம் மன்றத்து பேனர். 'உண்மையான ரசிகர்களின் கண்ணீர் வெள்ளம்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பேரவை பேனர். 'உண்மையிலேயே உண்மையான ரசிகர்களின் கண்ணீர் வெள்ளம்' என்று போட்டிருந்தார்கள். இரண்டிலும் ஒரே புகைப்படம்தான். காதை மூடிய குல்லாயும் கையில் சாலிடரிங் குச்சியுமாகச் சென்னியப்பன் என்கிற சென்னி, இரண்டு கூட்டத்தையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மன்றத்தின் செயலாளர் சுகந்தி. கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. 'சும்மா இருங்க' என்று ஒரு தரம் சொன்னால் அறுபது பிள்ளைகள் வாய்மூடும் குரல் அவளுக்கு. அன்று காலையிலிருந்து அந்தக் குரலால் கல்யாண மண்டபத்துக்காரரை விரட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசைப்படுத்தி, மாலை வாங்கப் போனவர்களைப் போனில் திட்டி, நடுநடுவே அழுதுகொண்டும் இருந்தாள். அழுகை வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததே என்று அதன்மேலும் அவளுக்குக் கோபம்.

சென்னி யார் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பம்ப் மோட்டார் கம்பெனியில் செப்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். ஓடும் மோட்டாரின் ரீங்காரத்தில் சுருதி இருக்கிறது என்று கண்டுபிடித்து, பழைய ரேடியோ பாகங்களைப் பற்றவைத்துத் தானே ஒரு வாத்தியம் செய்தார். மின்னிசை என்ற சொல்லே இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாத காலம் அது. முதல் கச்சேரி அதே கம்பெனி ஷெட்டில் நடந்தது. மெஷின் ஏதோ கோளாறாகிவிட்டது என்று நினைத்து ஃபோர்மேன் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டார். பிற்பாடு ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் விமானமேறி வந்து அவர் கச்சேரியைக் கேட்டார்கள். அவர் மட்டும் கோயம்புத்தூரை விட்டு எங்கும் போகவில்லை.

அவர் கச்சேரிக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. வாசலிலேயே போனைக் கொடுத்துவிட வேண்டும். போன் அலை பட்டால் அவருடைய திறந்த சர்க்யூட்டுகள் கர்ர் என்று கத்தும். அதனால் சென்னி கச்சேரியின் பதிவு என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாவது, முதல் தடவை வருபவர்களுக்கு ஒரு டப்பா கொடுப்பார். சோப்பு டப்பா அளவு, மேலே பொடிப்பொடியாகத் துளைகள், ஓரத்தில் ஒரு சிறு விளக்கு. பட்டன் கிடையாது, திறக்கவும் முடியாது. "வர்றப்பெல்லாம் இதை எடுத்துட்டு வாங்க. மடியில வெச்சுக்குங்க" என்பார். கச்சேரி நடக்கும்போது விளக்கு எரியும், முடிந்ததும் அணையும். அவ்வளவுதான். அது எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். ரசிகன் ஒருநாளும் டப்பா இல்லாமல் கச்சேரிக்குப் போனதில்லை. மறந்து வந்தவர்கள் பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனதுண்டு.

அப்புறம் அந்தப் பிளவு. தானாக யோசித்து வாசிக்கும் ஒரு இயந்திரத்தைச் சென்னி மேடையில் பக்கத்தில் உட்காரவைத்தார். "மெஷின் வாசிக்கறதைக் கேக்க நாங்க எதுக்கு வரோணும்?" என்றார்கள் பழையவர்கள். "முன்னாடி மட்டும் என்ன, தவிலா வாசிச்சுட்டிருந்தாரு?" என்றார்கள் இளவட்டங்கள். நாற்காலிகள் பறந்தன. அன்றிலிருந்து மன்றம் இடப்பக்கம், பேரவை வலப்பக்கம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

நடுப்பாதை ஓரத்தில், இரண்டுக்கும் பொதுவாக உட்கார்ந்த ஒரே ஆள் சுகந்தியின் கணவன் கதிரேசன். அவனை யாரும் எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவனுடைய விசில் அப்படி. இரண்டு விரலை மடித்து நாக்கடியில் வைத்தானென்றால் அடியில் ஆரம்பித்து, ஏறி, மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒரு சின்னத் துள்ளலோடு இறங்கும். மேடையில் யாருக்கும் தலை நிமிராத சென்னி அதற்கு மட்டும் நிமிர்ந்து, ஏறுமுகமாக ஒரு சுரம் வாசித்து, குல்லாயைத் தொடுவார். பக்கத்தில் சுகந்தி வெட்கத்தில் செத்துப்போவாள். "ஏனுங்க, சும்மா இருங்க! மானம் போகுது!" என்று தொடையில் கிள்ளுவாள். வீட்டில் விசிலடிக்கக் கூடாது என்பது அவள் போட்ட கண்டிப்பான சட்டம். கதிரேசனும் கடைசிவரை அதை மீறவில்லை. ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை.

காரியத்தன்று அவன் தம்பி துரைசாமி, "அண்ணன் ஞாபகமா இருக்கட்டும்" என்று கதிரேசனின் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். அழுத அசதியில் அவள் தலையாட்டிவிட்டாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது தரமாட்டேன் என்றான். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறானாம், யாரும் தொடக்கூடாதாம். அதோடு பேச்சு நின்றது. துரைசாமி இப்போது பேரவையின் தலைவர்.

செத்தவர்களைப் பேசவைக்கும் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட காலம் இது. சுகந்தியும் ஒருதரம் கல்யாண வீடியோவைக் கொடுத்துப் பார்த்தாள். "சாப்பிட்டியா சுகந்தி?" என்றது அது, கதிரேசனின் குரலில். கதிரேசன் அவளை ஆயுசில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'அம்மிணி'தான். அவனுடைய விசில் வேண்டுமென்று கேட்டாள். கேட்காத சத்தத்தைச் செய்வது கஷ்டம் மேடம் என்றார்கள். இருந்தாலும் ஒன்று செய்து அனுப்பினார்கள். குக்கர் விசில் தேவலை. அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

மண்டபம் நிரம்பிவிட்டது. மன்றத் தலைவர், ரிட்டயர்டு வக்கீல் மருதாசலம், சென்னியின் பெருமைகளைப் பேசி, தன் பெருமைகளுக்குத் தாவி, ஒருவழியாக மூச்சு வாங்க நிறுத்தினார். சென்னிக்கு மரியாதை என்று எல்லாருடைய போனும் வாசலில் வாங்கி வைக்கப்பட்டிருந்தது. எல்லார் மடியிலும் டப்பா.

"இப்போ எல்லாரும் எந்திரிச்சு ரெண்டு நிமிசம் மௌன அஞ்சலி செலுத்துவோமுங்க."

எழுந்தார்கள். இத்தனை வருஷத்தில் சென்னி ரசிகர்கள் ஒன்றாகக் கூடி வாயைத் திறக்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. கச்சேரிகளில் விசிலும் கைதட்டலும் ஒன்ஸ்மோரும் ஓய்ந்ததே இல்லை. இப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவல்லாத ஒரு சத்தம்.

சுகந்தியின் கையிலிருந்த டப்பாவில் விளக்கு எரிந்தது. பக்கத்திலிருந்தவர் கையிலும் எரிந்தது. வரிசை வரிசையாக மண்டபம் முழுக்க எரிந்தது. ஒவ்வொரு டப்பாவும் மெலிசாக, கொசு மாதிரி, ஆளுக்கு ஒரு சத்தம் போட்டது. எல்லாம் சேர்ந்தபோது அது மோட்டாரின் ரீங்காரம். சென்னியின் சுருதி! அதன்மேல் இருமல், நாற்காலி இழுபடுவது, யாரோ சிரிப்பது, கைதட்டல் எல்லாம் தாளத்துக்குக் கட்டுப்பட்டு எழுந்து வந்தன. எங்கோ தூரத்திலிருந்து, அடியில் ஆரம்பித்து ஏறி, ஒரு சுற்று.

சுகந்தி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். அந்தச் சுற்றை அவள் எங்கிருந்தாலும் அடையாளம் சொல்லுவாள்.

"டேய்ய்ய்! சென்னிடா!" என்று பின்வரிசையில் ஒருத்தர் அலறினார். அவ்வளவுதான், மண்டபமே அலறியது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கட்டிப்பிடித்தார்கள், மருதாசலம் மைக்கில் "அமைதி! அமைதி!" என்று எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தினார். அமைதி வந்தபோது டப்பாக்கள் நின்றுபோயிருந்தன. விளக்கு மட்டும் எரிந்தது.

ஓரமாக நின்றிருந்த ஷமீமா அழுதுகொண்டே சிரித்தாள். கடைசிப் பன்னிரண்டு வருஷம் சென்னிக்கு உதவியாக இருந்த என்ஜினியர் அவள். கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது.

"உங்க டப்பா இத்தன வருசமும் கேட்டுட்டுத்தான் இருந்துச்சு" என்றாள். "கச்சேரில நீங்க போட்ட சத்தமெல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஒவ்வொரு கச்சேரிலயும் டப்பா எல்லாம் அவரோட மெஷினுக்கு அந்தச் சத்தத்தை அனுப்பும். அவர் வீட்ல உக்காந்து கேப்பார். அதை வெச்சு ஒரு பாட்டுக் கட்டி, துண்டு துண்டாக்கி, மறுபடி உங்க டப்பாவுக்கே அனுப்பிட்டார். ஆளுக்கொரு துண்டு. கச்சேரிக்கு வராத டப்பாவும் அதுக்குள்ள இருக்கற சத்தத்தோட இதுல வந்து சேந்துக்கும். எல்லாரும் ஒண்ணா நின்னு, யாரும் பேசாம இருந்தா அது முழிக்கும்."

"அதை முன்னாடியே சொல்லியிருந்தா என்ன?" என்றாள் சுகந்தி.

"நானும் கேட்டேன் மேடம். சொல்லி வெச்சா அது மௌனம் இல்ல, ரிகர்சல்னுட்டார்."

மருதாசலத்துக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். "இரும்மா, இரு. நாங்க பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசுனதெல்லாம் அந்த ஆள் கேட்டாரா? எங்களக் கேக்காமயா? இதுக்கு என்ன பேரு தெரியுமா? ஒட்டுக்கேக்கறது! கோர்ட்டுக்குப் போனா அவர் பக்கம் நிக்காது!"

சட்டென்று கூட்டத்தின் முகம் மாறியது. யார் யார் கச்சேரியில் என்னென்ன பேசினோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஒருமுறை வேறொரு பெண்ணோடு வந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் தன் டப்பாவைச் சட்டைப்பைக்குள் மறைத்தார். ஷமீமா தலை குனிந்தாள்.

"தப்புதான் சார். நானும் அவர்கிட்டச் சண்டை போட்டேன். 'நான் முப்பது வருசமா அவங்களுக்குச் சத்தம் போட்டுக் காட்டறேன், அவங்க போடற சத்தத்தை நான் கேக்க வேண்டாமா?'ன்னார். பேச்சு எதையும் பாட்டுல வெக்க மாட்டேன்னார், ஒண்ணே ஒண்ணைத் தவிர. அது எதுன்னு சொல்லல."

"இப்போ ஏன் நடுவுல அங்கங்க ஓட்டையா இருந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாதி டப்பா இங்க இல்லையே" என்றாள் ஷமீமா. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

மண்டபம் முனகியது. ஷமீமா இன்னொன்றும் சொன்னாள். டப்பாவுக்குச் சக்தி ஏறுவது கச்சேரி மேடையிலிருந்துதான். இனிமேல் மேடை கிடையாது. விழித்துக்கொண்ட டப்பா நாளை மத்தியானம் தாங்கினால் அதிசயம். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திறந்தால் அழிந்துவிடும். பக்கத்தில் போன் இருந்தால் பாடாது. ஆகவே பதிவு செய்யவும் முடியாது.

"ஒரே தடவை" என்றாள். "அதுவும் நாளைக்குள்ள."

சுகந்தி அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பேரவைக்காரர்கள் பேட்மின்டன் அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லாரி ஸ்பீக்கர்களை அடுக்கி, காது கிழிய அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்கள். சென்னிக்கு மௌன அஞ்சலி செலுத்துவது அவமானம் என்பது அவர்கள் கட்சி. டப்பாக்களை ஒரு மேசையில் குவித்து, மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். சுகந்தியும் ஷமீமாவும் உள்ளே நுழைந்ததும் யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நாலு பேர் சட்டைக் கையை மடித்தார்கள்.

துரைசாமி எதிரே வந்தான். தாடி நரைத்திருந்தது. கதிரேசனுக்கு இருந்த அதே தோள்.

"வாங்க அண்ணி" என்றான். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது போலிருக்கிறது, உடனே தரையைப் பார்த்தான்.

ஷமீமா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அரங்கம் பற்றிக்கொண்டது. நாளைக்கே, இப்பவே, வாங்க போலாம் என்று இளசுகள் குதித்தன. பத்து நிமிடத்தில், பின்னாலேயே வந்து வாசலில் குவிந்த மன்றத்துக்காரர்களோடு பேச்சுவார்த்தை ஆரம்பமானது, அதாவது சண்டை. மன்றத்து மண்டபத்துக்குப் பேரவை வராது. பேரவை இடத்துக்கு மன்றம் வராது. பேனரில் யார் பெயர் முதலில்? தலைமை யார்? குத்துவிளக்கு யார் ஏற்றுவது? சுகந்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"சும்மா இருங்க!"

அறுபது பிள்ளைகளை அடக்கிய குரல் இருநூறு பேரையும் அடக்கியது.

"மனுசன் போயிட்டார். அவர் போட்ட பாட்டு நாளைக்கு மத்தியானம் அதுவும் போயிடும். உங்களுக்குக் குத்துவிளக்குதான் முக்கியமுன்னா ஏத்திட்டு அதையே பாத்துட்டு இருங்க. அவர் முதல்ல வாசிச்ச பம்ப் கம்பெனி ஷெட் சும்மாதான் கெடக்குது. காலைல பத்து மணிக்கு. பேனர் கெடையாது, தலைமை கெடையாது, மைக் கெடையாது. டப்பாவும் நீங்களும் வந்தாப் போதும்."

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அவள் துரைசாமியைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, அவரோட டப்பா வேணுமுங்க. எனக்குக் குடுக்க வேண்டாம். நீங்களே கொண்டாங்க. அதுல அவரு விசில் இருக்குது."

துரைசாமி முகம் வெளுத்தது. "வேண்டாம் அண்ணி."

"இன்னுமா கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்க." அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "அண்ணன் போனதுக்கப்புறம் அந்த டப்பாவ நான் ஒரு கச்சேரிக்கும் கொண்டுபோகல. எங்கயாச்சும் தொலைஞ்சுரும், உடைஞ்சுரும்னு பயம். ஏசி ரூமுல, கண்ணாடிக்குள்ள பத்திரமா வெச்சேன். இந்தப் பொண்ணு சொல்றதப் பாத்தா அது செத்தேபோயிருக்குமுங்க. நாந்தான் கொன்னுட்டேன்னு ஆயிருமே."

சுகந்தி திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். எதிரே நின்றது கதிரேசனின் தோள். "கொண்டாங்க. பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

"சரி, முழிச்சே இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அண்ணன் சத்தத்தக் கேட்டா நான் சும்மா இருப்பனா? கத்திருவேன் அண்ணி. அத்தன பேரு பாட்டையும் கெடுத்துருவேன்."

"வாயில துண்ட வெச்சு அடைச்சுக்குங்க. நானும் அதேதான் பண்ணப்போறேன்" என்றாள்.

மறுநாள் பம்ப் கம்பெனி ஷெட்டில் எள் போட்டால் எள் விழாது. பொள்ளாச்சியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்திருந்தார்கள். சென்னியிடம் டப்பா வாங்கி இருபது வருஷம் கச்சேரிப் பக்கமே வராதவர்களும் வந்திருந்தார்கள். திருவிழாவா சாவு வீடா என்று தெரியாத ஒரு பரபரப்பு. மன்றத்துக்காரர் ஒருவர் பேரவைப் பையனிடம் "தம்பி, உன்ற டப்பா எந்த வருசம்?" என்று விசாரித்ததை சுகந்தி தன் காதால் கேட்டாள்.

துரைசாமி டப்பாவைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். விளக்கு எரியவில்லை. சுற்றிலும், நேற்று விழித்த டப்பாக்கள் எழுப்பிவிட்டதில், எல்லார் டப்பாவும் மினுக்கிக்கொண்டிருக்க, அது மட்டும் செங்கல் மாதிரிக் கிடந்தது. துரைசாமி அதை ஷமீமாவிடம் நீட்டினான். ஷமீமா தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுனு இருக்கு. பேட்டரி செல் குளிர்ந்து போச்சுன்னா மந்தமாயிடும். சூடு படட்டும் மேடம், கைக்குள்ள வெச்சிருங்க. வேற வழி தெரியல."

சுகந்தி அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள். கச்சேரிகளில் கதிரேசன் மடியில் அது இருந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. ஒருதரம் அதன்மேல் போண்டா வைத்துத் தின்றுகொண்டிருந்தான், அதற்கும் திட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள் ஷமீமா. "ஒரு வார்த்தை பேசினாலும் நேத்து மாதிரி நின்னுடும். அப்புறம் மறுபடி எந்திரிக்க சக்தி இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

முன்னூறு வாய்களில் கைக்குட்டைகள் நுழைந்தன. மருதாசலம் தன் அங்கவஸ்திரத்தையே திணித்துக்கொண்டார். அந்தக் காட்சியைப் பார்த்தாலே சிரிப்பு வரும், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஷெட்டுக்கு வெளியே மின்சாரப் பேருந்து ஒன்று போனது. அப்புறம் அதுவும் இல்லை.

ரீங்காரம் எழுந்தது. நேற்று ஓட்டையாக இருந்த இடங்களெல்லாம் இன்று நிரம்பியிருந்தன. முப்பது வருஷத்து இருமல்கள் தாளம் போட்டன. ஒரு குறட்டை அடித்தொண்டையில் புகுந்து மேளமாக நின்றது. அது கச்சேரிதோறும் பாதியில் தூங்கிப்போகும் மருதாசலத்தின் குறட்டை! கிழவர் அங்கவஸ்திரத்துக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர். கோர்ட்டு, கேஸ் எல்லாம் அந்த நிமிஷத்தில் வாபஸ் ஆயின. ஒரு குழந்தையின் அழுகை வந்து, நீண்டு, வயலின் போலானது. மூலையில் நின்ற ஆறடி இளைஞன் ஒருவனை அவன் அம்மா தோளில் தட்டிக் காட்டினாள். இறந்துபோனவர்களின் சிரிப்பு வந்தது. அங்கங்கே ஆட்கள் திடீரென்று பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்தார்கள். மன்றமா பேரவையா என்று பார்த்துப் பிடிக்க நேரமில்லை.

சுகந்திக்குப் புரிந்தது. நாம் அவருக்கு அஞ்சலி செலுத்த வந்தோம், இந்த மனுஷன் நமக்கல்லவா செலுத்திக்கொண்டிருக்கிறார்! முப்பது வருஷமாக ஒவ்வொரு கச்சேரிக்கும் நாற்காலிகள் காலியாகிக்கொண்டு வந்ததை மேடையிலிருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தானே.

உள்ளங்கைக்குள் ஏதோ அதிர்ந்தது. விரலிடுக்கில் பார்த்தாள். சாகப்போகிற அகல் மாதிரி, விளக்கு எரிந்தது.

விசில் வந்தது. தூரத்திலிருந்து அல்ல, கைக்குள்ளிருந்து. அடியில் ஆரம்பித்து, ஏறி, மூன்று சுற்று, துள்ளல். பக்கத்தில் துரைசாமி துண்டைக் கடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தான். ஆனால் சத்தம் போடவில்லை.

விசில் இறங்கிய கையோடு, கணீரென்று ஒரு பெண்குரல்.

"ஏனுங்க, சும்மா இருங்க!"

சுகந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் குரல். இருபது வயசு குறைந்த அவள் குரல். மறுபடி விசில். மறுபடி "சும்மா இருங்க!" சென்னி அதைப் பல்லவியாக வைத்திருந்தார். விசில் ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறியது, அதட்டலும் கூடவே ஏறியது. ஒவ்வொரு கச்சேரியிலிருந்தும் ஒன்றாக எடுத்திருப்பார் போல. ஒன்றில் கோபம், ஒன்றில் சிரிப்பை அடக்குகிற நடுக்கம், ஒன்றில் சளி பிடித்த தொண்டை. கதிரேசனும் அவளும் அந்த ஷெட்டில் ஒரு முழு ஆயுசு குடும்பம் நடத்தினார்கள். கைக்குட்டைகளுக்குப் பின்னால் முன்னூறு பேர் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

ஷமீமா சொன்ன அந்த ஒரே ஒரு பேச்சு இதுதான்.

பிறகு மற்ற எல்லாச் சத்தமும் அடங்கி, ரீங்காரம் மட்டும் தங்கியது. விசில் தனியாக வந்தது. முடிந்தது. பதிலுக்கு எதுவும் வரவில்லை.

காத்திருந்தார்கள். மறுபடி விசில், கொஞ்சம் மெலிந்து. மறுபடி வெற்றிடம்.

ஷமீமா குழப்பத்தோடு சுகந்தியைப் பார்த்தாள். இது அவளுக்கும் தெரியாத இடம். மூன்றாவது தடவை விசில் கேட்டபோது சுகந்தி உணர்ந்தாள். அது அவளுக்காக நிற்கிறது. அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை அவளுடையது. வாயைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். திறக்காவிட்டால் கதிரேசன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவான். விளக்கு கைக்குள் மங்கிக்கொண்டே வந்தது. முன்னூறு பேரின் கண்களும் அவள்மேல் இருந்தன. அவர்கள் பாட்டையெல்லாம் கெடுத்தவள் என்று ஊர் உள்ளளவும் பேசுவார்கள்.

கைக்குட்டையை உருவி எறிந்தாள். ஆயுசெல்லாம் சொன்ன வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"அடிங்க!" என்று கத்தினாள். "ஏனுங்க, அடிங்க! இன்னொரு தரம் அடிங்க!"

மருதாசலம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

டப்பாக்கள் நிற்கவில்லை. கைக்குள்ளிருந்து விசில் பீறிட்டுக்கொண்டு வந்தது, மூன்று சுற்றும், துள்ளலும், முழுசாக. அதற்குப் பதிலாக ஷெட்டிலிருந்த அத்தனை டப்பாக்களும் ஒரே குரலில், சென்னி குல்லாயைத் தொடும்போது வாசிக்கிற அந்த ஏறுமுகச் சுரத்தை வாசித்தன. மௌனம் டப்பாவை எழுப்புவதற்கு மட்டும்தான். நேற்று கத்தியதால் நின்றது என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். ஆட்கள் கலைந்து ஓடியதால் நின்றிருக்கிறது.

அப்புறம் யார் அடங்குவார்கள்? கைக்குட்டைகள் பறந்தன. முப்பது வருஷத்து விசிலுக்கு இன்றைய விசில் பதில் சொன்னது, அதற்கு டப்பாக்கள் பதில் சொல்லின. துரைசாமி எழுந்து விரலை மடித்து வாயில் வைத்து அண்ணனுக்கு எதிர்விசில் அடித்தான். காற்றுத்தான் வந்தது, மறுபடி அடித்தான். "ஒன்ஸ்மோர்!" என்று மருதாசலம் அலறினார்.

கதிரேசனின் டப்பாதான் முதலில் அணைந்தது. அவள் கேட்டபோதெல்லாம் அடித்துக்கொடுத்துவிட்டு, நடுச்சுற்றில் நின்றது. சுகந்தி அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நின்று அழுதாள், வெட்கமே இல்லாமல். மத்தியானத்துக்குள் மற்ற விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

வீட்டுக்குத் துரைசாமிதான் வண்டியில் கொண்டுவந்து விட்டான். வாசலோடு திரும்பப் பார்த்தான். "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள். இத்தனை வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டுக்குள் கால் வைத்தவன், அண்ணன் உட்காரும் நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றான். சுகந்தி அடுப்பில் பால் வைத்தாள். செத்துப்போன டப்பாவை மசாலா டப்பாக்களுக்கு நடுவில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். கண்ணாடி அலமாரி எதுவும் வேண்டாம்.

கூடத்திலிருந்து சத்தம் வந்தது. அடியில் ஆரம்பித்து, ஏறி, ஒரு சுற்று, இரண்டு சுற்று. சட்டென்று நின்றது.

"ஐயோ, மன்னிச்சுருங்க அண்ணி" என்றான் துரைசாமி பதறிப்போய். "உங்க ஊட்டுல விசிலடிக்கக் கூடாதுன்னு மறந்தே போயிட்டனுங்க."

பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தாள்.

"ரெண்டாவது சுத்து அப்படி இல்லீங்க தம்பி, அவரு இன்னும் எறக்கி எடுப்பாரு" என்றாள் சுகந்தி. "எங்க, மறுபடி அடிங்க."